மஞ்சள் விளக்கின் சாட்சியம்

தை மாதத்துச் சம்பா அறுவடை முடிந்து, திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையின் ஓரமெல்லாம் நெல்லும் வைக்கோலுமாகக் காய்ந்துகொண்டிருந்த ஒரு முற்பகல் வேளையில், என் காரின் மீட்டர் பலகையில் இன்ஜின் வடிவத்து மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்கிற்று. 2018-ஆம் ஆண்டில் பதிவான பெட்ரோல் கார் அது. ஓட்டத்தில் எந்த மாறுதலும் தெரியவில்லை. புகை இல்லை, உதறல் இல்லை, இழுவையில் குறைவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் புலப்படாத ஒரு குற்றத்தை அந்தச் சிறு விளக்கு மட்டும் அறிந்திருந்தது என்பதும், அதை வாய்மூடச் செய்ய எத்தனை பேர் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்பதும், அதன் பேச்சைப் பொறுமையோடு கேட்ட ஒருவர் எவ்வளவு சொற்பச் செலவில் கோளாற்றைக் கண்டு தீர்த்தார் என்பதும் அதற்குப் பின் வந்த வாரங்களில் எனக்கு அனுபவமாயின. அந்த அனுபவத்தையும், அதை ஒட்டி நான் கேட்டும் படித்தும் அறிந்த விஷயங்களையும் இங்கே சற்று விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

முதலில் வண்டியைக் கொண்டுபோன பணிமனையின் ஊரும் பெயரும் அவசியமில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, திரையில் வந்த பி-0420 என்ற குறியீட்டை அழித்து, ‘ஒண்ணுமில்ல சார், சென்சார் சும்மா காட்டுது’ என்று அனுப்பிவைத்தார்கள். ஒரு வாரத்தில் விளக்கு மறுபடியும் எரிந்தது, மறுபடியும் அழித்தார்கள். மூன்றாம் முறை போனபோது, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்றும், புதியது மாற்ற ஐம்பதாயிரத்துக்குக் குறையாது என்றும், அவ்வளவு செலவிட மனமில்லையானால் அதன் உள்ளிருப்பதை இடித்தெடுத்து வெறும் கூட்டை மாட்டி, விளக்கும் இனி எரியாதபடி செய்து தருவதாகவும் சொன்னார்கள். முதல் மார்க்கத்துக்கு என்னிடம் பணமில்லை. இரண்டாவதற்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் ஊரான திருத்துறைப்பூண்டிக்குத் திரும்பி, முள்ளியாற்றுப் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறை நடத்திவரும் ஒருவரிடம் போனேன். எங்கள் தெருவில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’தான். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டவர், வண்டியைத் தொடாமலே ஒரு கேள்வி கேட்டார்.

‘கோடை அழிச்சுட்டாங்களா தம்பி?’

‘அழிச்சுட்டாங்க அண்ணே. மூணு தடவையும் அழிச்சுட்டாங்க.’

‘அழிச்சா அதோட இருந்த வெவரமெல்லாம் போயிடும். வெளக்கு எரிஞ்ச நேரத்துல வண்டி என்ன வேகத்துல போச்சு, இன்ஜின் எவ்வளவு சூடா இருந்துச்சு, பெட்ரோல் கூடப் போச்சா கொறையாப் போச்சா, அம்புட்டையும் அது எழுதி வச்சிருக்கும். மறுபடி எரியட்டும். எரிஞ்சா யாரையும் தொடவிடாம கொண்டாங்க. ராத்திரியே விட்டுட்டுப் போயிடுங்க. காலையில ஆறின இன்ஜின்லதான் பாக்கணும்.’

எங்கள் ஊரில் கோயில் கொண்டிருக்கும் ஈசனுக்குப் பிறவி மருந்தீசர் என்பது திருநாமம். பிணிக்கு மருந்து தேடி வருகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த ஊரில், மருந்தைப் பற்றிய பேச்சையே எடுக்காமல் நாடியைப் பார்க்க நேரம் குறித்த அந்த மனிதரிடம் எனக்கு அப்போதே நம்பிக்கை பிறந்துவிட்டது.

அவர் சொன்னதன் நியாயம் விளங்க வேண்டுமானால், இன்ஜினிலிருந்து சைலன்சர் நுனிவரை என்ன நடக்கிறது என்பதை ஓரளவு அறிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் குறைவற எரிந்தால் மிஞ்சுவன கரியமில வாயுவும் நீராவியும் மட்டுமே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. மார்கழிக் காலையில் சைலன்சர் நுனியில் சொட்டும் நீர் அதுதான், அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எந்த இன்ஜினிலும் எரிதல் அப்படிக் குறைவற நிகழ்வதில்லை. பாதி எரிந்ததன் மிச்சமாகக் கார்பன் மோனாக்சைடும், எரியாமலே தப்பிய பெட்ரோலின் ஆவியும், அளவு கடந்த உஷ்ணத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடிப் பிறந்த நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்தே வெளியேறுகின்றன. இம்மூன்றையும் தீங்கற்ற வாயுக்களாக மாற்றுவதுதான் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் தொழில். தேன்கூடு போல நுண்ணிய அறைகள் கொண்ட பீங்கான் கட்டி ஒன்றின்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அருமையான உலோகங்களை மெல்லிய பூச்சாகப் பூசி இரும்புக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 300 டிகிரி சூடேறிய பிறகே அது வேலை செய்யத் தொடங்குகிறது.

இந்த வேலை செவ்வனே நடக்க, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் பிசகாமல் இருக்க வேண்டும். அதைக் காவல் காப்பது கன்வெர்ட்டருக்கு முன்னால் குழாயில் பொருத்திய ஆக்சிஜன் சென்சார். புகையில் மிஞ்சிய பிராணவாயுவை அது அளந்து சொல்லச் சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விகிதத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. ஆகையால் முன் சென்சாரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஊசலாடும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் மற்றொரு சென்சார் உண்டு. கன்வெர்ட்டர் நல்ல ஸ்திதியில் இருந்தால் அந்த ஊசலாட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். பின் சென்சாரின் கோடு ஏறக்குறைய அசைவற்று நிற்கும். பின்கோடும் முன்கோட்டைப் போலவே ஆடினால், கன்வெர்ட்டர் உழைக்கவில்லை என்று கணினி அனுமானித்து விளக்கை ஏற்றுகிறது. பி-0420 என்ற எண் குறிப்பது அந்த அனுமானத்தைத்தான். அனுமானத்தின் காரணத்தை அது சொல்வதில்லை.

ஐந்தாம் நாள் விளக்கு எரிந்தது. சொன்னபடி இரவே வண்டியை விட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலையில் போய் நின்றேன். அண்ணன் முதலில் ஸ்கேனரில் பதிந்திருந்த விவரங்களை ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டார். கணினி வழக்கத்தைவிடப் பதினான்கு சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் ஊட்டிக்கொண்டிருந்தது என்பது அதிலிருந்து தெரிந்தது. ‘காத்து கூடிப்போச்சுன்னு அது நெனச்சுக்கிட்டிருக்கு தம்பி. நெசமாவே இன்ஜினுக்குள்ள காத்து கூடப் போவுதா, இல்ல சென்சாரை யாரும் ஏமாத்துறாங்களான்னு பாக்கணும்’ என்றார். காற்று உள்ளே போகும் வழியை, ஏர் ஃபில்டர் தொடங்கி ரப்பர் குழாய்கள்வரை, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார், அங்கே குறையில்லை. அதன் பிறகே புகை போகும் வழிக்கு வந்தார்.

அவர் கையாண்ட உபகரணங்கள் வீடுகளில் புழங்குபவையே. தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயைக் காற்று ஊதும் பக்கத்தில் மாட்டி, அதன் மறுமுனையைக் கந்தல் துணி சுற்றிச் சைலன்சர் நுனியில் இறுகச் செருகினார். ஒரு கிண்ணத்தில் கரைத்த சோப்புத் தண்ணீரைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தொட்டு, நுனியிலிருந்து இன்ஜின் நோக்கி ஒவ்வொரு இணைப்பிலும் பூசிக்கொண்டே வந்தார். நான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சைலன்சரில் ஒன்றுமில்லை, நடுக்குழாயில் ஒன்றுமில்லை, கன்வெர்ட்டரின் இரு பக்கத்திலும் ஒன்றுமில்லை. இன்ஜினின் புகையைத் திரட்டும் மேனிஃபோல்டும் முன்குழாயும் சேருமிடத்தில், முன் சென்சாருக்கு ஒரு சாண் முன்பாக, பிரஷ் பட்ட மறுகணம் கடுகளவாய் ஒரு குமிழி எழுந்து, நெல்லிக்காய் அளவுக்கு ஊதி, வெடித்து, அதே இடத்தில் மற்றொன்று எழுந்தது. துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, அந்த இணைப்பின் நடுவே இருக்கும் கேஸ்கெட்டின் விளிம்பில் கண்மை தீட்டியது போன்ற மெல்லிய கரிக்கோடு ஒன்று தெரிந்தது. அதன் பிறகு இன்ஜினை ஓடவிட்டுக் காதை அருகில் வைக்கச் சொன்னார். ‘டிக், டிக்’ என்று மெலிந்த ஓசை கேட்டது; நான்கு நிமிஷத்தில் இரும்பு சூடேறி விரிந்து துவாரத்தைத் தானே அடைத்துக்கொள்ள, ஓசை மறைந்துவிட்டது. ஆறின இன்ஜினை அவர் ஏன் வேண்டினார் என்பது அப்போதுதான் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

உள்ளிருந்து வெளியே புகை போகும் குழாயில் ஓட்டை விழுந்தால் புகைதானே கசிய வேண்டும், வெளிக்காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்டேன். அதற்கு அவர் தந்த விளக்கம் இது: புகை ஆற்றுநீர் போல ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் வால்வும் திறக்கும்போது துடித்துத் துடித்துப் பாய்கிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் தாழும் அந்தக் கண நேரத்தில் வெளிக்காற்று துவாரத்தின் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. அந்தக் காற்றிலுள்ள பிராணவாயுவைச் சென்சார் இன்ஜினிலிருந்து வந்ததாகவே எண்ணிவிடுகிறது; கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது; கன்வெர்ட்டருக்குப் போகும் புகையின் கலவை பிசகுகிறது; பின் சென்சாரின் கோடும் ஆடத் தொடங்குகிறது. சென்சார் பொய் சொல்லவில்லை, கன்வெர்ட்டரும் கெடவில்லை. புது கேஸ்கெட் ஒன்றும், துருவேறிப் போன இரண்டு போல்ட்டுகளுக்குப் பதில் புதியவையும் போட, கூலியோடு ஆயிரத்து நானூறு ரூபாய் ஆயிற்று. முத்துப்பேட்டை வரை போய்த் திரும்பியபின் ஸ்கேனரில் பார்த்தால், பின் சென்சாரின் கோடு 0.65 வோல்ட் அருகே சலனமற்று நின்றது.

அன்று அவர் சொல்லிக் கொடுத்த கிரமம் எந்த வண்டிக்கும் பொருந்தும். குறியீட்டை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அழிப்பது கடைசிக் காரியம். சுலபமாகவும் செலவில்லாமலும் பார்க்கக் கூடியவற்றை முன்னால் பார்க்க வேண்டும்: ஃபில்டர், பிளக், ஒயர், ரப்பர் குழாய், இணைப்புகள். அதன் பிறகுதான் விலையுயர்ந்த உறுப்பின்மேல் சந்தேகம் கொள்ளலாம். கன்வெர்ட்டர் மெய்யாகவே கெட்டிருந்தாலும், அதைக் கெடுத்தது எது என்று அறியாமல் புதியதை மாட்டினால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும். வண்டி மிஸ் அடிக்கும்போது எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அந்தப் பீங்கானையே உருக்கிவிடும். உருகியது வழியை அடைத்துக்கொள்ள, ரேஸ் கொடுத்தாலும் வண்டி ஏறாது. உள்ளே உடைந்து கிடந்தால், ரப்பர்ச் சுத்தியால் மெல்லத் தட்டினாலே கலகலவென்று ஒலிக்கும். இன்ஜின் ஆயில் குடித்தால், ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் அந்த உலோகப் பூச்சின்மேல் படிந்து அதைச் செயலற்றதாக்கும். இணைப்பில் கண்டபடி தடவும் சிலிக்கோன் பசையின் ஆவிகூடச் சென்சாரின் உயிரைக் குடிக்கும்.

இந்தச் சாதனம் எவ்வளவு மென்மையானது என்பதற்கு அதன் சரித்திரமே சான்று. பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் யூஜின் ஹூட்ரி 1950-களிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அந்த உலோகப் பூச்சுக்கு விஷமாக இருந்ததால், ஈயத்தை விலக்கிய பெட்ரோல் வரும்வரை, ஏறக்குறைய 1975 வரை, அது கார்களில் பரவ முடியவில்லை. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதிலும் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒழிந்தது. இத்தனை பாடுபட்டுப் பெற்ற ஒன்றைச் சில ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக இடித்துக் கொட்டுவது எனக்குப் பெரும் பாவமாகவே படுகிறது.

கண்ணுக்குத் தெரியும் புகையின் லட்சணங்களையும் சொல்லிவிடுகிறேன். நீலம் பாய்ந்த புகை ஆயில் எரிகிறது என்பதைக் காட்டும்; ரிங்குகளோ வால்வு சீல்களோ தேய்ந்திருக்கும், டர்போ உள்ள வண்டியானால் அதன் சீலும் போயிருக்கலாம். சூடேறிய பின்னும் நிற்காமல் வரும் அடர்ந்த வெண்புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். கறுப்புப் புகைக்குக் காரணம் காற்றின் குறைவு, அல்லது எரிபொருளின் மிகுதி. நம் வட்டாரத்து அறுவடை இயந்திரங்களும் டிராக்டர்களும் கரும்புகை கக்கும்போது நாசிலைக் கழற்றுவதற்கு முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது உத்தமம். நெற்சுணையும் வயல்புழுதியும் சேர்ந்து அதைச் சாக்குத்துணி போல அடைத்திருக்கும்.

லாரிக்காரர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு, புதிய டீசல் லாரிகளில் நைட்ரஜன் ஆக்சைடைத் தணிக்க யூரியாக் கரைசல் ஊற்றும் தொட்டி ஒன்று இருக்கிறது. 32.5 சதவீதம் பரிசுத்தமான யூரியாவும் மற்றது தாதுக்கள் நீக்கிய நீருமாகிய அந்தக் கரைசல், சூடான புகையில் அமோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராகவும் பிரித்துவிடுகிறது. வீட்டுத் திண்ணையில் யூரியா மூட்டை கிடக்கும் ஊர் நம் ஊர். அதைக் கிணற்று நீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் 2015 முதல் வயலுக்கு வரும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறது. கிணற்று நீரிலோ சுண்ணாம்பும் உப்பும் இருக்கின்றன. பயிருக்கு அமுதமான அந்த மூட்டை, லாரியின் இன்ஜெக்டர் வாயை அடைத்து, அதன் கேட்டலிஸ்ட்டை நிரந்தரமாகப் பாழாக்கும். நல்ல கரைசலும் நம் ஊர் வெயிலில் நெடுநாள் நிலைக்காது; 35 டிகிரிச் சூட்டில் வைத்திருந்தால் ஆறு மாதத்துக்குமேல் அதை நம்பலாகாது. வாங்கிய கேனை நிழலில் வைப்பதும், அதன் தேதியைப் பார்ப்பதும், விளக்கு எரிந்தால் முதலில் கரைசலைச் சந்தேகிப்பதும் பெருஞ்செலவைத் தவிர்க்கும்.

நம் காவிரி டெல்டாவுக்கே உரிய அபாயங்கள் வேறும் உண்டு. வேதாரண்யத்து உப்பை ஏற்றி வரும் லாரிகளின் அடியில் உப்புநீர் சொட்டிச் சொட்டிச் சைலன்சரும் அதன் தாங்கிகளும் காலத்துக்கு முன்பே துருப்பிடித்து உதிர்கின்றன. கடற்காற்று மற்ற வண்டிகளையும் விட்டுவைப்பதில்லை. சாலையில் காய்கிற வைக்கோல்மேல் ஓட்டும்போது, அது வண்டியின் அடியில் சுற்றிக்கொண்டு, பல நூறு டிகிரிச் சூட்டில் இருக்கும் கன்வெர்ட்டரில் பட்டுத் தீப்பிடிக்கக் கூடும். ஆகவே வைக்கோற் பரப்பின்மேல் வண்டியை நிறுத்தவே கூடாது, தாண்டி வந்தபின் ஒருமுறை குனிந்து பார்த்துவிட வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது, கசிந்த புகை காரின் உள்ளே நுழைவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் பற்றோடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. நம் வட்டாரத்தைத் தாக்கிய கஜா புயலுக்குப் பின் வாரக்கணக்கில் மின்சாரமின்றித் தெருவெங்கும் ஜெனரேட்டர் ஓடிய நாட்களில், அதை வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள் என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்; ஓட்டைச் சைலன்சரோடு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும் காரும் அதே ஆபத்துதான்.

‘புகைச் சான்றுதான் வாங்கி வைத்திருக்கிறேனே’ என்று சிலர் நினைக்கலாம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆம் விதியின்படி நாம் பெறும் அச்சான்று அவசியமானதே. ஆனால் அது பெட்ரோல் வண்டியில் அளப்பது கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஆவியையும். டீசல் வண்டியில் அளப்பது புகையின் அடர்த்தியை. நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதேயில்லை. அளவிடும் இடத்தில் ஒழுங்காகவும் வெளியே வேறு விதமாகவும் ஒரு வண்டி நடந்துகொள்ளக் கூடும் என்பதை உலகம் 2015-இல் கண்டது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில், அரவிந்த் திருவேங்கடம் என்ற நம்மவர் பெயர் தாங்கியவரும் இடம்பெற்ற ஒரு சிறு ஆய்வுக்குழு, 2013-இல் அளவிடும் கருவிகளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் சாலைகளில் ஓட்டிப் பார்த்தது. ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா டீசல் கார் ஒன்று, விதித்த அளவைப்போல் பதினைந்து முதல் முப்பத்தைந்து மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடை வெளியிட்டது. பரீட்சைக்கூடத்தை அடையாளம் கண்டு அங்கே மட்டும் ஒழுங்காக நடக்கும்படி அதன் கணினிக்குக் கற்பித்திருந்தார்கள் என்பதும், அப்படிப்பட்ட வண்டிகள் உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் ஓடின என்பதும் பின்னர் வெளிப்பட்டன. கன்வெர்ட்டரை இடித்துவிட்டு விளக்கை அணைத்துத் தருகிறவர் செய்வதும் அளவில் சிறிய அதே காரியந்தான். அவர் ஏமாற்றுவது கணினியை மட்டும் என்று நினைக்கிறார். சாலையோர வயலில் குனிந்து நடவு நடுகிற பெண்களும், சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும், பஸ் நிற்கும் இடத்தில் கைக்குழந்தையோடு காத்திருக்கிறவர்களும் அந்த மூச்சைத்தான் இழுக்கிறார்கள்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று அண்ணன் என்னை நிறுத்தி, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். மஞ்சள் விளக்கு எரிந்தது. எனக்குத் திக்கென்றது. ‘பயப்படாதீங்க. சாவி போட்டதும் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லன்னாதான் பயப்படணும். யாரோ அதைக் கொன்னுட்டாங்கன்னு அர்த்தம். பழைய வண்டி வாங்குறப்ப இதைத்தான் மொதல்ல பாக்கணும் தம்பி’ என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் சாவியைத் திருப்பி, அந்த விளக்கு ஒளிர்வதை ஒரு கணம் பார்த்த பிறகே இன்ஜினை ஓடவிடுகிறேன்.